கரடி ஓசியில் வாங்கிய இணையதளம்

"தேன்னு சொல்லிச் சர்க்கரைப் பாகைத் தலையில கட்டியிருக்கார் ஒருத்தர்! அதுவும் இருமுற பிள்ளைக்கு!"

குளக்கரையில் நின்று புள்ளிமான் கத்தியது. தண்ணீர் குடிக்க வந்த மிருகங்கள் எல்லாம் தலையைத் தூக்கின. மானின் காலை ஒட்டி நின்ற குட்டி, விடாமல் இருமியது.

"யார் அது?" என்று கேட்டது முயல்.

"பேரைச் சொல்ல எனக்கு வாய் வரலை. அவரே ஒத்துக்கட்டும்!"

கூட்டத்தில் கரடியும் இருந்தது. அந்தக் காட்டிலேயே தேன் கடை வைத்திருந்தது அது ஒன்றுதான். தேனீயிடம் கொட்டு வாங்கி, கிளையிலிருந்து விழுந்து, யார் தயவும் இல்லாமல் முன்னுக்கு வந்த கரடி. கலப்படம் என்ற பேச்சைக் கேட்டதும் அதற்கு ரத்தம் கொதித்தது.

"எவன்டா அவன்? என் தொழிலையே நாறடிக்கிறானே! பயப்படாம சொல்லு தங்கச்சி! இந்தக் குளத்துலயே முக்கி எடுக்கிறேன்!"

மான் தலையைக் குனிந்துகொண்டது.

"சொல்லும்மா! நான் இருக்கேன்ல?"

"உங்க கடையிலதான் அண்ணே வாங்கினேன்."



"என் கடையிலயா? மழை பிடிச்சதுல இருந்து நீ கடைப் பக்கமே வரலையே!"

"ஆத்துல வெள்ளம். இன்னைக்குத்தானே வடிஞ்சது? உங்க இணையதளத்துலதான் ஆர்டர் போட்டேன். இந்தாங்க, நீங்களே பாருங்க."

மான் போனை நீட்டியது. கரடி வாங்கிப் பார்த்தது. அதன் படம் கம்பீரமாக இருந்தது. படத்துக்கு நேர் கீழே, பளிச்சென்று ஒரு மஞ்சள் பட்டன். 'தித்திக்கும் தேன் சுவை! இங்கே அமுக்குங்கள்!'

கரடி அமுக்கியது. நரியின் பாகுக் கடை திறந்தது.

கரடியின் சொந்தப் பட்டனோ பக்கத்தின் அடியில், எறும்பு அளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"டேய் குரங்கே! இறங்குடா கீழே!"

குரங்குதான் அந்த இணையதளத்தைக் கட்டிக் கொடுத்தது. அது கட்டிய கதையும் கேட்க வேண்டியதுதான்.

கோடையில் கரடிக்கு இணையதளம் வைக்கும் ஆசை வந்தது. முதலில் தூக்கணாங்குருவியிடம் போனது.

"உங்க கடைக்கு யார் வருவாங்க? வந்ததும் எதைத் தேடுவாங்க? ஆர்டர் எங்கே போடுவாங்க? முதல்ல அதைச் சொல்லுங்க" என்றது குருவி.

"அதெல்லாம் உனக்கு எதுக்கு? என்ன கேட்கிறே, அதைச் சொல்லு!"

"ஒரு குடம் தேன்."

"கால் குடம்! மேலே ரெண்டு பக்கம் கொசுறு!"

"கட்டாது, கரடியாரே."

கரடிக்கு ஒரு பழக்கம் உண்டு. பேரம் படியவில்லை என்றால் விறுவிறுவென்று நடந்துவிடும். பத்தடி போவதற்குள் வியாபாரி கூப்பிட்டு விடுவார். அன்றும் நடந்தது. காதெல்லாம் பின்னாலேயே இருந்தது. குருவி கூப்பிடவில்லை. திரும்பிப் போக ரோஷம் இடம் கொடுக்கவில்லை. நேரே குரங்கிடம் போய் நின்றது.

"என்கிட்டே எல்லாம் ஓசி அண்ணே!" என்றது குரங்கு. "ஆனா உங்க பக்கத்துல மத்தவங்க விளம்பரம் வரும். யாருடையதுன்னு கேட்கக் கூடாது."

"வந்துட்டுப் போகட்டும்! என் படம் இருக்குமில்ல?"

அவ்வளவுதான். குருவி ஒரு குடம் கேட்டதையும் சேர்த்துக் காடெல்லாம் போய்ப் பீற்றிக்கொண்டது கரடி.

இப்போது குரங்கு கிளையிலிருந்தே சொன்னது: "என்ன அண்ணே முறைக்கிறீங்க? நான் சொல்லாமலா செஞ்சேன்? 'குரங்கையே மடக்கிட்டேன்'னு ஊரெல்லாம் சொன்னது நீங்கதானே!"

சொன்னதுதான். கேட்ட அத்தனை பேரும் குளக்கரையில் நின்றார்கள்.

முயல் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தது. "நானும் அந்த மஞ்சளைத்தான் அமுக்கினேன். பாகுதான் வந்தது. நம்ம கரடி அண்ணனா இப்படின்னு… வெளியே சொல்லலை."

கரடிக்கு உடம்பெல்லாம் கூசியது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கும். சொல்லாமல் மறைத்தவரை அது என்ன செய்யும்?

"அந்த நரியைப் பிடிச்சு…" என்று ஆரம்பித்தது.

"நரியை எனக்குத் தெரியாது!" என்றது மான். "உங்க மூஞ்சியைப் பார்த்துத்தான் அமுக்கினேன். நீங்க கலக்கலைதான், ஒத்துக்கிறேன். ஆனா கலக்கிறவனுக்கு உங்க கடையில வாசல் வெட்டிக் கொடுத்தது யாரு?"

கரடி தரையைப் பார்த்தது. குட்டி மறுபடியும் இருமியது.

"தரையைப் பார்த்தா ஆச்சா அண்ணே? என் பிள்ளைக்கு நல்ல தேன் எடுத்துட்டு வாங்க! அந்தப் பக்கத்தை இப்பவே, எல்லார் கண் முன்னாலயும் எடுக்கச் சொல்லுங்க! புதுசாக் கட்டித் தரச் சொல்லிக் குருவிகிட்டே நீங்களே நடந்து போய்க் கேளுங்க! எங்களை ஏமாத்தினது உங்க பேரு. நீங்கதான் சரி பண்ணணும், பண்ணுங்க!"

தன் பேரை நம்பி வருகிறவர் எந்த வாசலில் நுழைகிறார் என்று பார்க்காமல் ஓசிக்கு ஆசைப்பட்ட கடைக்காரர், அப்படி வந்தவருக்கு நேர்ந்த ஏமாற்றத்தைத் தானே முன்னின்று தீர்த்து வைக்க வேண்டும்.