குழாயடி நேரம்

வந்த கோபத்தில் தங்கையா செருப்பைக்கூடக் கழற்றாமல் போதகர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். தபாலாபீஸ் வேலையை விட்டுவிட்டுப் போதகர் கிருபாகரனிடம் ஊழியம் கற்றுக்கொள்பவர் அவர். குருவைவிடச் சீடருக்குத்தான் வயது அதிகம். கோபமும் அதிகம்.

"வீட்டைப் பூட்டிட்டுப் போயிட்டாய்யா அந்த மாடத்தி!"

மாடத்தி அவருடைய பக்கத்து வீட்டுக்காரி. புருஷன் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. பிள்ளைகுட்டி கிடையாது. கொஞ்ச நாளாகத் தங்கையா ஜெபக்குழுவைத் திரட்டிக்கொண்டு சாயங்காலம் தவறாமல் அங்கே போய் முழங்காலில் நிற்கிறார். பாட்டு, வசனம், கண்ணீர் என்று ஒன்றுக்கும் குறை வைத்ததில்லை.

"நம்ம சபைக்காரியும் இல்ல. நாமளாத் தேடிப் போறோம். முந்தாநாள் உம்முன்னு இருந்தா. இன்னைக்குப் பூட்டு! நன்றிகெட்ட ஜென்மம். இனிமே அந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்."

"வாங்க, போய்க் கேட்டுருவோம்" என்றார் போதகர்.

"நல்லாக் கேளுங்க ஐயா."

நாலு பேர் முன்னால் அவளை ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்று, வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே நடந்தார் தங்கையா. தெருமுனையிலேயே அவள் அகப்பட்டாள். குழாயில் தண்ணீர் வந்திருந்தது. இடுப்பில் குடத்தோடு வரிசையில் நின்றாள். அவரைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"கோவிச்சுக்காதீங்க அண்ணாச்சி. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணி. அதுவும் நீங்க வார நேரம்தான் வருது. நீங்க முடிக்கதுக்குள்ள நின்னுருது. குடிக்க, அக்கம்பக்கத்துல ஒரு குடம் தருதாங்க. அந்த மனுசனைக் குளிப்பாட்டவும் கேக்க முடியுமா? முதுகெல்லாம் புண்ணு."

தங்கையா வீட்டில் மோட்டார் இருந்தது. தெருக்குழாயில் எப்போது தண்ணீர் வருகிறது என்று அவர் எதற்குக் கவனிக்கப்போகிறார்?

"ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?" என்றார். இன்னும் ஆறவில்லை.

"எப்படிச் சொல்லுதது? நீங்க கண்ணை மூடிட்டுல்லா இருந்தீங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். போதகர் சிரிக்கவில்லை. அப்படியொரு கோபத்தை அந்த முகத்தில் தங்கையா அதுவரை பார்த்ததில்லை. மாடத்தியின் முறை வந்ததும் போதகர் குடத்தை வாங்கி நிரப்பித் தங்கையாவின் தோளில் ஏற்றினார்.

"நடங்க."

பிறகு தாமும் ஒரு வாளியை இரவல் வாங்கி நிரப்பிக்கொண்டு வந்தார்.

மாடத்தி வீட்டைத் திறந்துவிட்டாள். உள்ளே புண் வாடை முகத்தில் அடித்தது. இத்தனை நாளும் அந்த வாடைக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டு, இவளுக்குச் சுத்தம் போதாது என்று நினைத்தவர் தங்கையா. குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் போதகரிடம் திரும்பினார்.

"இவ்வளவு நாள் முழங்கால்ல நின்னோமே ஐயா. ஆண்டவர் கேக்கவே இல்லையா?"

போதகர் வாளியைத் தொட்டியில் கவிழ்த்தார்.

"உங்க பக்கத்துலயே உக்காந்து அந்தம்மாவும் வேண்டிக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க, நீங்க எப்ப எந்திரிப்பீங்கன்னு. அதை இன்னைக்குக் கேட்டுட்டார்."