தாசில்தார் வீட்டுத் தூணும் தூங்குமூஞ்சி மரமும்

இதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தா என் நாக்கு இப்பவே அழுகிப் போவட்டும்.

வேதாரண்யம் பக்கத்துல மரம் வெட்டுற அஞ்சப்பனோட கூரை வீட்டுக்கு மேலயே சாஞ்சு நின்னுச்சு ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். மரம் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு தாசில்தார் நமச்சிவாயத்துது. நாளைக்குப் புயல்னு ரேடியோ சொல்லிருச்சு. அஞ்சப்பன் பொண்டாட்டிக்கோ நெறமாசம். கோடாலியோட போயி நின்னான்.

"அய்யா, வேரு அழுகிருச்சு. வெட்டிப்புடறேன்."

"முப்பத்தஞ்சு வருசம் சர்க்காரு உத்தியோகம் பாத்தவன்டா நான். எனக்கே நீ மரத்தப் பத்திச் சொல்லிக் குடுக்குறியா? அது மலை மாதிரி நிக்கும். பயமா இருந்தா கயித்தப் போட்டு இழுத்துக் கட்டிக்க." தெருவுக்கே கேக்குற மாதிரி சொன்னாரு.

"சரிங்கய்யா"ன்னு போனவன் தேர்வடம் மாதிரி ஒரு கயிறு கொண்டாந்தான். ஒரு முனைய மரத்து உச்சில கட்டுனான். கிழக்க சாயுற மரத்த மேக்கதானே இழுத்துக் கட்டணும்? மேக்க இருந்தது அய்யா புதுசா கட்டுன போர்ட்டிகோ. அதோட தூணுல மூணு சுத்து சுத்தி முடிச்சுப் போட்டான்.

அய்யா வேட்டிய அள்ளிப் புடிச்சுக்கிட்டு ஓடியாந்தாரு. "டேய், மரம் விழுந்தா தூணையுமில்ல பேத்துக்கிட்டுப் போவும்?"

"அதான் விழாதுங்களேய்யா. மலை மாதிரியில்ல நிக்குது." முடிச்ச இன்னும் கொஞ்சம் இறுக்குனான்.

தெருவே வேடிக்கை பாத்துச்சு. அய்யா மரத்தப் பாத்தாரு, தூணப் பாத்தாரு.

"வெட்டித் தொலைடா."

சாயந்தரத்துக்குள்ள மரம் துண்டு துண்டா எறங்கிருச்சு. அடிமரத்துப் பொந்துல அய்யா கைய விட்டுப் பாத்தாரு, முழங்கை வரைக்கும் போச்சு.

கதை கேட்டவங்கல்லாம் ஆளுக்கொரு வடை எடுத்து வைங்க. மாட்டேன்னா சொல்லிப்புடுங்க, அந்தக் கயிறு இப்ப என்கிட்டதான் இருக்கு.