பராய் இலை சொரசொரத்த கதை

அந்தக் காலத்தில், மரமும் காற்றும் மனுஷரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, பராய் இலையைப் போல மெத்தென்று வேறொன்று கிடையாது. செம்மணல் தேரியின் ஓரத்தில் குடியிருந்தவர்கள் பிள்ளை பிறந்தால் முதலில் பராய் இலை மேல்தான் கிடத்துவார்கள். மரத்துக்கு அதில் பெருமை தாங்காது. எந்த வீட்டில் யார் மசக்கையாக இருக்கிறாள் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் விசாரித்துக்கொண்டே இருக்கும்.

அந்த மரத்தடியில் குடிசை போட்டிருந்தவள் உலகி. தச்சு வேலைக்காரி. அவள் மகன் தவழத் தொடங்கியதும், தரையில் விட்டால் கட்டெறும்பு மொய்க்கிறதே என்று வேப்பங்கட்டையை வாய்ச்சியால் செதுக்கி ஒரு தொட்டில் செய்தாள். அன்றைக்குச் செதுக்கத்தான் தெரியும்; தேய்த்து வழவழப்பாக்க யாருக்கும் தெரியாது. கதவு, நிலை, உலக்கை, எதைத் தொட்டாலும் கையில் சிராய் ஏறும். பெரியவர்கள் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். பிள்ளைக்கு என்ன தெரியும்? தொட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்தான். உள்ளங்கையில் சிராய் ஏறி, சீழ் கோத்து, காய்ச்சலே வந்துவிட்டது. உலகி ராப்பகலாக அவனை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

எப்படியோ காய்ச்சல் இறங்கியது. ஆனால் அவனை மறுபடி தொட்டிலில் விட அவளுக்கு மனம் வரவில்லை. தரையிலும் விட முடியவில்லை.

அந்தச் சமயத்தில் ஆடிக் காற்று மலையிலிருந்து இறங்கி வந்தது. மலைப்பாறையையே மணல் வீசித் தேய்த்து மழமழவென்று ஆக்கியவன் என்று அதற்கு ஏகப்பட்ட பீற்றல். உலகி அதனிடமே போய் நின்றாள்.

“காத்தண்ணே, இந்தத் தொட்டிலக் கொஞ்சம் தேச்சுக் குடு.”

பாறைக்கு முன்னால் பலகை எம்மாத்திரம் என்று காற்று சிரித்தது. எப்போது நிறுத்துவான் என்று முதலிலேயே கேட்டுக்கொள் என்றது பராய் மரம். உலகி கேட்கவில்லை. உதவி செய்ய வந்தவனிடம் போய் அதையெல்லாம் கேட்டால் நன்றாகவா இருக்கும் என்று இருந்துவிட்டாள். அங்கேதான் பிசகிவிட்டது.

பிள்ளையை மரத்தடி இலைகள் மேல் தூங்கவைத்துவிட்டு, தொட்டிலை முற்றத்தில் கொண்டுபோய் வைத்தாள். காற்று தேரி மணலை அள்ளி அள்ளி வீசியது. சிராய்கள் பறந்தன, விளிம்பு மழுங்கியது. உலகி தொட்டுப் பார்த்து, மனம் குளிர்ந்து, போதும் என்றாள். காற்றுக்கு அது காதிலேயே ஏறவில்லை. பாறை என்றைக்குப் போதும் என்று சொல்லியிருக்கிறது? தொட்டில் கால் இளைத்தது, கதவு தேய்ந்தது, சுவர் மண் உதிர்ந்தது. பிறகு மணல் மரத்தடிப் பக்கம் திரும்பியது.

உலகிக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. தவழ்ந்துகொண்டே பிள்ளை கிடந்த பக்கம் கையால் துழாவினாள். கிளைகள் முறுகி வளையும் சத்தம் மட்டும் காதில் விழுந்தது. பராய் மரம் தன் கிளைகளையெல்லாம் தாழ்த்தி, பிள்ளையின் மேல் கவிழ்ந்துகொண்டது. வந்த மணல் அத்தனையும் இலைகளில் தைத்தது.

காற்று களைத்து ஓய்ந்தபோது பிள்ளை அப்படியே தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மேலே ஒரு மணல் துகள்கூட இல்லை. உலகி அவனை வாரி எடுத்தாள். எடுக்கும்போது ஒரு இலை அவன் கன்னத்தில் உரசியது. அந்த இடம் சிவந்து கீறிவிட்டது. பிள்ளை வீறிட்டு அழுதான். மரம் வெடுக்கென்று கிளையை இழுத்துக்கொண்டது.

“இனிமே பிள்ளைய எம்மேல கெடத்தாத தாயி,” என்றது.

உலகி அழுதாள். அழுதுகொண்டே, காற்றில் உதிர்ந்து கிடந்த இலை ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தாள். அது விரலைப் பிறாண்டியது. தொட்டிலில் வைத்து இழுத்தாள். மரத்தூள் மெல்ல உதிர்ந்தது. உட்கார்ந்துவிட்டாள். கட்டையின் ரேகை ஓடும் வாக்கிலேயே தேய்ப்பாள், நிறுத்துவாள், தொட்டுப் பார்ப்பாள், மறுபடி தேய்ப்பாள். தன் விரல் காய்ப்பேறியது, அதை நம்புவதற்கில்லை என்று கடைசியில் கன்னத்தை விளிம்பில் வைத்துப் பார்த்தாள். முன்பு பராய் இலை எப்படி இருந்ததோ, தொட்டில் விளிம்பு இப்போது அப்படியே இதமாக இருந்தது.

தொட்டிலை மரத்தின் தூரோடு ஒட்டி இழுத்துப் போட்டு, பிள்ளையை அதில் விட்டாள். அவன் விளிம்பைப் பிடித்து எழுந்து நின்று சிரித்தான்.

“பாரு, உன் எல தேச்ச தொட்டிலு இது. இப்பவும் உம்மேலதான் கெடக்கான்,” என்றாள் மரத்திடம்.

மரம் கிளைகளைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் விரித்துத் தொட்டிலுக்கு நிழல் கொடுத்தது. அதற்குப் பிறகு அது பேசி யாரும் கேட்டதில்லை.

அன்று முதல்தான் பராய் இலை தொட்டவர் கையைப் பிறாண்டுகிறது. மரவேலைக்காரர்கள் அதையே பறித்துத் தேய்க்கிறார்கள். தொட்டில் என்றால் மட்டும், கொடுப்பதற்கு முன் விளிம்பில் ஒரு தரம் தங்கள் கன்னத்தை வைத்துப் பார்க்கிறார்கள்.