ராஜாவின் குண்டு ஏன் நின்றது?

முன்னொரு காலத்தில் வேலங்குறிச்சி நாட்டை வல்லபராயர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். தங்கமான மனுஷர்தான். ஆனால் மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்த வேகத்திலேயே போயும் விடும். அதற்குள் யார் தலை உருளுமோ என்பதுதான் மந்திரி கொழுந்தையாவின் ஓயாத கவலை.

ராஜாவுக்குத் தந்தக் குண்டு விளையாட்டென்றால் உயிர். அதற்கென்றே சபை நடுவில் ஒரே அளவுக் கருங்கற்கள் பாவி எண்ணெய் பூசிய தளம் இருந்தது. ஒருநாள் கடைசல்காரர் பேச்சியப்பன் புதிதாக இரண்டு குண்டுகள் கடைந்து வந்தார். ராஜா ஒன்றைத் தள்ளி மற்றதை அடித்தார். அடிபட்டது ஓடியது, ராஜாவின் குண்டோ அப்படியே நின்றுவிட்டது.

"ராஜாவின் குண்டு நிற்பதாவது! இது செய்வினை" என்றார் ராஜாவின் தூதுவரான தானாபதி சங்கிலிநாதர். பேச்சியப்பனை அரண்மனைக்கு அழைத்துவந்தவர் மந்திரி. அந்த மந்திரி மேல் தானாபதிக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல்.

"இவனை நாடு கடத்துங்கள்!" என்றார் ராஜா.

"மகாராஜா, மகளுக்கு இது நிறைமாசம்" என்று பேச்சியப்பன் கைகூப்பினார். மந்திரிக்கு மனசு கேட்கவில்லை.

"செய்வினை இல்லை அரசே, கணக்கு. இரண்டும் ஒரே எடை. உங்கள் குண்டு தன் வேகம் முழுவதையும் கொடுத்துவிட்டு நின்றது."

"கணக்கென்றால் முன்கூட்டியே சொல்லும்!" என்று தானாபதி மடக்கினார். "அதோ மூன்று மடங்கு கனமான குண்டு. அதைத் தள்ளி இந்தச் சின்னதை அடித்தால் எது எவ்வளவு வேகம் ஓடும்? தப்பினால் நீரும் இவனோடு நடையைக் கட்டும்."

தாளம் தட்டி நேரத்தை அளக்க மந்திரி தாளக்காரரை அழைத்தார். ராஜா தள்ளினால் பெரிய குண்டு ஒரு தட்டுக்கு நாலு கல் தாண்டும். அது அவர் கைக்குப் பழகிய வேகம்.

"நெருங்கும் வேகம் நாலு. தந்தம் மோதலில் வேகத்தை விழுங்காது, ஆகவே விலகும் வேகமும் நாலு. சின்னது பெரியதைவிட நாலு கல் கூடுதலாக ஓடும். இனி எடையை வேகத்தால் பெருக்குங்கள். முந்நான்கு பன்னிரண்டு. மோதிய பிறகும் மொத்தம் பன்னிரண்டு வரவேண்டும். பெரியதுக்கு வேகம் ஒன்று, சின்னதுக்கு ஐந்து என்றால், பெரியதன் எடைக்கு மூன்று, சின்னதுக்கு ஐந்து, ஆக எட்டுதான், போதாது. வேகம் மூன்றும் ஏழும் என்றால் ஒன்பதும் ஏழும் பதினாறு, அதிகம். இரண்டும் ஆறும் என்றால் ஆறும் ஆறும் பன்னிரண்டு, கச்சிதம்!"

"முட்டுவதே நாலு, முட்டுப்பட்டது ஆறா?" தானாபதி சிரித்தார். சபையும் சிரித்தது.

ராஜா தள்ளினார். டக்! தாளக்காரர் ஒரு தட்டு தட்டுவதற்குள் சின்னது ஆறு கல் தாண்டியது. பெரியது இரண்டு கல் தாண்டி, தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ராஜா குழந்தை மாதிரி கைகொட்டினார். "தானாபதி, நீர் சின்னதைத் தள்ளிப் பெரியதை அடியும்!"

அடித்தார். சின்னது வந்த வழியே திரும்பி அவர் கால் பெருவிரலில் முட்டியது. ஒற்றைக் காலில் குதித்தவரைப் பார்த்துச் சபை விழுந்து விழுந்து சிரித்தது.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். பிறகு, "பேச்சியப்பா, கொடுத்த பிறகும் நிற்காமல் போகிறதே அந்தப் பெரிய குண்டு, அதுதான் நான்! கேள், என்ன வேண்டும்?" என்றார்.

"நாடு கடத்தாமல் விட்டால் போதும், மகாராஜா."

ராஜா திடுக்கிட்டு மந்திரியைப் பார்த்தார். "அடப்பாவி, இவரை நாடு கடத்தச் சொன்னது யார்?"