தேவாங்குக் காட்டின் வரைபடம்

“மூணு தடவை அளந்துட்டேன். ஒரு விரற்கடைகூடப் பிசகு இல்ல. இன்னும் ஏன் கையெழுத்துப் போடலைம்மா?”

கேட்டவர் மாசிலாமணி. ஐம்பத்திரண்டு வயதில் நில அளவை கற்க வந்தவர். அவருடைய குரு செண்பகவடிவு, அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

மேசைமேல் நிலக்காரர் திருமேனியின் புதர்க்காட்டுப் படம் கிடந்தது. நாலு ஏக்கர். உள்ளே தேவாங்குகள் வாழ்ந்தன.

நிலம் யார் கைக்குப் போனாலும் அந்தக் காட்டில் ஒரு கிளையும் வெட்டக்கூடாது என்று திருமேனி பத்திரம் எழுதுகிறார். நாளைக்குப் பதிவு. மறுநாள் பிள்ளைகளுக்குப் பாகப்பிரிவினை.

“அவ்வளவு அடர்த்தியான புதருக்குள்ள அளக்க எப்படிக் குறி பார்த்தீங்க?” என்று செண்பகவடிவு கேட்டார்.

“நாலு இடத்துல குறுக்கே வெட்டி வழி எடுத்தேன். எல்லாரும் செய்யறதுதானே?”

“தேவாங்கு எப்படிப் போகும்?”

“கிளைக்குக் கிளை. தரையில இறங்க அதுக்குப் பயம்...”

மாசிலாமணி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“படத்துல அந்த வெட்டுகளைக் காணோமே?”

“அசிங்கமா இருக்கும்னு விட்டுட்டேன்.”

செண்பகவடிவு படத்தோடு இருந்த பத்திரத்தின் கடைசி வரியில் விரல் வைத்தார்.

‘இப்படத்தில் கண்டபடியே காடு என்றென்றும் இருக்க வேண்டியது.’

மாசிலாமணி அதை இரண்டு முறை படித்தார்.

“வரைஞ்சா, வெட்டு என்னைக்கும் வெட்டாவே நிக்கும். வரையாட்டி, படம் பொய். நான் என்னம்மா செய்ய?”

“எனக்கும் அதைத் தெரிஞ்சுக்க ஆசைதான்” என்று செண்பகவடிவு படத்தை அவர் பக்கம் தள்ளினார்.

வாசலில் செருப்புச் சத்தம். திருமேனி வந்துவிட்டார்.

“என்ன மாசிலாமணி, முடிஞ்சுதாய்யா?”

“இல்லைங்க. அளக்கறதுக்காக நாலு இடத்துல புதரை வெட்டிட்டேன்.”

“ஒரு கிளை ஒடியக்கூடாதுன்னு எழுதத்தானே உம்மைக் கூப்பிட்டேன்! ஒடிச்சுப் பார்த்தாத்தான் எழுத வருமாக்கும்?”

மாசிலாமணி படத்தின்மேல் குனிந்தார். சிவப்பு மையால் நாலு கோடு இழுத்தார். அடியில் ஏதோ எழுதினார்.

திருமேனி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

“‘இந்த நாலு வெட்டும் அளந்தவன் மாசிலாமணி போட்டவை. இவை மறுபடி காடாகும்வரை, கிளைக்குக் கிளை கயிறு கட்டிக் காப்பது அவன் பொறுப்பு.’”

கண்ணாடிக்கு மேலாக மாசிலாமணியைப் பார்த்தார்.

“முள்ளு கூடி வளர எத்தனை வருஷம் ஆகும், தெரியுமா?”

“பத்துப் பன்னிரண்டு.”

“உமக்கு இப்ப என்ன வயசு?”

“தினமும் நடக்கறேனுங்க. இருப்பேன்.”

செண்பகவடிவு பேனாவுக்குக் கை நீட்டினார்.