இருபத்தெட்டு நாள் ஒயின்

ராயப்பன் எதையும் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை.

வெறுங்காலோடு சந்தைக்கு மூட்டை தூக்க வந்தவர். முப்பத்தைந்து வருடத்தில் காய்கறித் தரகர் ஆனார். அவர் தலையசைக்காமல் அங்கே ஒரு லாரி வெங்காயம் நகராது. டாக்டர் பத்து நாளைக்கு மாத்திரை எழுதினால் ஏழாக்கிவிட்டு வருவார். பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் பரிகாரமாகப் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னதற்கு ஆறு என்று பேசி முடித்தார் என்று பங்குக் கோயிலில் ஒரு கதை உண்டு. அது கதையில்லை.

அவருடைய தம்பி அமலதாஸ் பதினோரு வருடமாக அவர் வீட்டுக்கு வரவில்லை. பாகம் பிரித்தபோது கிணறு அண்ணன் பக்கம் போனது. அன்றோடு சரி.

இந்த நவம்பரில் தம்பியின் மனைவி போன் செய்தாள்.

"கிறிஸ்மஸுக்கு வர்றோம் மாமா. பிள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்கு, அவரும் சரின்னுட்டாரு. ஆனா ஒண்ணு சொல்லச் சொன்னாரு."

"என்னவாம்?"

"நீங்க பேரம் பேசி வாங்கின எதையும் அவர் முன்னாடி வைக்கக் கூடாதாம்."

ராயப்பன் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பேரம் பேசாமல் வாங்கியது ஒரு கரண்டிகூட இல்லை. கோபம் தலைக்கேறியது. அதே கோபத்தில் ஒரு முடிவும் எடுத்தார். கிணற்றடியில் சொந்தத் திராட்சைப் பந்தல் இருக்கிறது. தன் கையாலேயே ஒயின் போட்டுத் தம்பி முன்னால் வைப்பது.

அப்படித்தான் அவர் செலினிடம் கற்றுக்கொள்ளப் போனார்.

செலினுக்கு முப்பத்தெட்டு வயது. ராயப்பனுக்கு ஐம்பத்தொன்பது. கோயிலுக்குப் பின்னால் சின்ன கேக் கடை வைத்திருந்தாள். ஒயின் விற்க மாட்டாள். வீட்டுக்குப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்டால் சொல்லிக்கொடுப்பாள். கற்றுக்கொண்டவர்கள் எல்லாரும் பெண்கள். முதல்முதலாக ஓர் ஆண், அதுவும் ராயப்பன் வந்து நின்றதும், முட்டை அடித்துக்கொண்டிருந்த லூர்து கையை நிறுத்திவிட்டாள். கடையில் செலினுக்கு உதவிக்கு இருப்பவள்.

"அஞ்சு கிலோ பழத்துக்கு நாலு கிலோ சர்க்கரை," என்றாள் செலின்.

"ரெண்டு."

"அண்ணே, நான் விலை சொல்லலை. அளவு சொல்றேன்."

"தெரியுது. ரெண்டு."

"நாலு போட்டாத்தான் சரியா வரும்."

"ரெண்டரை. உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம், முடிச்சுக்க."

செலின் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சரி," என்றாள்.

ஈஸ்ட்டையும் கொதித்து ஆறிய தண்ணீரையும் பீங்கான் ஜாடியையும் சொன்னாள். ஈஸ்ட் என்றால் என்ன என்று தெரியாததால் அதில் அவர் கை வைக்கவில்லை.

"காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மரக்கரண்டியால கிண்டணும். தோல் மேல மிதந்து வரும். அதை உள்ள அமுக்கி விடணும்."

"ரெண்டு நாளைக்கு ஒரு தடவை."

"மேல தோல் காஞ்சா பூஞ்சை பிடிக்கும் அண்ணே."

"எனக்குச் சந்தை இருக்கு. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை."

"சரி. இருபத்தொரு நாள் கிண்டி, வடிகட்டி, மூடிவச்சு இன்னொரு இருபத்தொண்ணு. மொத்தம் நாப்பத்திரண்டு."

அன்று நவம்பர் பன்னிரண்டு. ராயப்பன் விரலை மடக்கி எண்ணினார். டிசம்பர் இருபத்துநாலு வந்தது. கிறிஸ்மஸுக்குச் சரியாக இருந்தது.

"இருபது நாள்," என்றார்.

"அதான் நாள் இருக்கே?"

"இருக்கு. இருக்குங்கறதுக்காகத் தூக்கிக் கொடுத்துருவாங்களா?"

"ஜாடியை விட்டுட்டீங்களே," என்றாள் லூர்து. "பாதி ஜாடி போதும்னு சொல்லுங்க."

"நீ முட்டையைப் பாரு."

இருபத்தெட்டில் பேரம் படிந்தது. செலின் மறுபடியும் சரி என்றாள். சர்க்கரையை மட்டும் ராயப்பன் கடைக்காரர் கேட்ட விலைக்கே வாங்கினார். கடைக்காரர் பயந்துபோய், உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார். வீட்டில் மனைவியிடம், "பதினாலு நாள் கொறைச்சிட்டேன்," என்றார்.

டிசம்பர் பத்தாம் தேதி வடித்துப் பாட்டிலில் ஊற்றினார். இருபத்துமூன்றாம் தேதி காலையில் மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்தார்.

பத்து நிமிடத்தில் அந்தப் பாட்டில் செலினின் மேசைமேல் டம் என்று உட்கார்ந்தது. கேக் வாங்க நின்ற இரண்டு பேர் ஒதுங்கினார்கள்.

"குடி."

செலின் கரண்டியில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் வைத்தாள்.

"புளிச்சுக் காடி ஆயிருச்சு."

"எனக்கும் நாக்கு இருக்கு. ஏன் ஆச்சு?"

"தோல் காஞ்சிருக்கும். சர்க்கரையும் பத்தலை, நாளும் பத்தலை."

"நீதானே சரின்னே?"

"சொன்னேன்."

"லூர்து, நீ கேட்டியா இல்லையா?"

"கேட்டேன்," என்றாள் லூர்து.

"பிறகென்ன? மூணு தடவை சரி சொல்லியிருக்க. நான் ஒண்ணும் திருடிக்கிட்டுப் போகலை."

"நான் சரின்னேன் அண்ணே. பழம் சரின்னு சொல்லலையே."

"பழம் பேசுமா?" ராயப்பன் மேசையைத் தட்டினார். "முப்பத்தஞ்சு வருசம். எத்தனை பேர் எத்தனை தினுசா வந்தான், ஒருத்தனும் என்னை ஏமாத்தினதில்லை. கேக்கு விக்கிற நீ ஏமாத்திட்ட. ஒரு மனுசன் கெடப்போறான்னு தெரியுது, தெரிஞ்சும் மண்டையை ஆட்டுற. இதுக்குப் பேரு சொல்லிக்கொடுக்கறதா? நாப்பத்திரண்டுன்னா நாப்பத்திரண்டுதான், ஒரு நாள் கொறையாது, இஷ்டம்னா இரு, இல்லேன்னா கிளம்புன்னு சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா?"

"கேட்டிருப்பீங்களா?"

ராயப்பன் குரலை இன்னும் உயர்த்தினார்.

"சந்தையில தலையாட்டினா முடிஞ்சுது. அப்புறம் மாத்திப் பேசினா அவன் மனுசனே இல்லை. என் தம்பியும்தான் தலையாட்டினான். கிணறு எனக்குன்னேன். சரிண்ணேன்னான். நான் என்ன கழுத்தையா பிடிச்சேன்? அவன் வாயால, நாலு பேர் முன்னால, சரின்னு..."

பாதியில் நின்றுவிட்டது. யாரும் குறுக்கே பேசவில்லை. அவராகத்தான் நிறுத்தினார்.

கண் எங்கெங்கோ போய் அலமாரியில் நின்றது. அங்கே துணி கட்டிய ஒரு ஜாடி. அதில் ஒட்டியிருந்த காகிதத்தில் நவம்பர் பன்னிரண்டு என்று எழுதியிருந்தது.

"அது என்ன?"

"அன்னைக்கு நானும் ஒண்ணு போட்டேன். முழு அளவு."

"எடு. பார்ப்போம்."

"நாளைக்குத்தான் நாப்பத்திரண்டு. நாளைக்குத் திறப்பேன்."

"ஒரு நாள்தானே?"

"நாளைக்கு."

"பாரு, உன் ஜாடின்னதும் எப்படி நிமிந்து நிக்கிற."

"என் ஜாடிக்கு நான்தானே நிக்கணும் அண்ணே?"

ராயப்பன் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

"சரி. நாளைக்கே திறந்து கொடு. என்ன விலை? சொன்னதை அப்படியே வைக்கிறேன். பேரம் பேசின பொருள் ஆகாதுன்னுதானே தம்பி சொன்னான், நான் பேசலை. இந்த வார்த்தையை இதுவரைக்கும் நான் யார்கிட்டயும் சொன்னதில்லை."

கேக் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அது உண்மை என்று அவர்களுக்கும் தெரியும்.

"அதோட விலை நாப்பத்திரண்டு நாள்," என்றாள் செலின்.

"முப்ப..." என்று ஆரம்பித்த ராயப்பன் வாயை மூடிக்கொண்டார்.

லூர்து சிரிக்கவில்லை.

"நாளன்னைக்கு வந்துருவான்," என்றார் ராயப்பன். கோபம் இன்னும் இருந்தது, சத்தம்தான் இறங்கியிருந்தது. "பதினோரு வருசம் கழிச்சு வர்றான். நான் அவன் முன்னால எதை வைக்கிறது?"

செலின் அவர் கொண்டுவந்த பாட்டிலை இறுக்கி மூடினாள். வழிந்திருந்ததைத் துணியால் துடைத்தாள். அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இதையே வைங்க. எதையெதை எவ்வளவு கொறைச்சீங்கன்னு சொல்லிட்டு, அப்புறம் ஊத்துங்க."

ராயப்பன் பாட்டிலைக் கையில் எடுத்தார்.

"சர்க்கரையை மட்டும் சொன்னாப் போதாதா?"

"கிணத்துலேருந்து ஆரம்பிங்க அண்ணே."