கடைசி வால்வு

"மேடம், நான் பழைய நூல் மில்லுக்கே திரும்பிப் போயிடலாம்னு இருக்கேன்," என்றார் சவரிமுத்து.

மெஹர்பானு நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பால் ஆலையின் வால்வுகளெல்லாம் அவர் பொறுப்பு. சவரிமுத்து அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர். மேடத்தைவிட வயதில் ரொம்பப் பெரியவர்தான். அதற்காகப் பாடம் குறையுமா என்ன!

"ஏண்ணே?"

"மில்லுல மெஷின் நின்னுபோச்சுன்னா என்னைத்தான் தேடுவாங்க. நான் ஓட விட்டேன்னா மொத்த ஷிப்டும் கைதட்டும். இங்க என்ன பண்றேன்? ஒழுகாத வால்வைக் கழட்டுறேன். நல்லா இருக்கிற ரப்பரை எடுத்துட்டு வேற மாட்டுறேன். ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னதில்ல."

பாவம், அவரைக் குறை சொல்ல முடியாது. கைதட்டல் கேட்டுப் பழகிய காது.

ஆனால் அன்று காலை அந்தக் கடுப்பில் அவர் ஒரு காரியம் செய்திருந்தார்.

பாக்கெட் போடும் இயந்திரத்துக்கு முன்னால் உள்ள கடைசி வால்வில், பழைய ரப்பர் வளையத்தையே துடைத்து மறுபடி மாட்டிவிட்டார். பார்க்கப் பளிச்சென்றுதான் இருந்தது. நாள்பட்ட ரப்பரின் வெடிப்பில் பால் தங்கினால் கண்ணுக்குத் தெரியாது. அதைத் தொட்டுப் போகும் பால் முழுவதும் கெட்டுவிடும். இது அவருக்கும் தெரியும்.

புது வளையம் அவர் சட்டைப் பையிலேயே கிடந்தது. சாயங்காலம் அந்த வால்வு வழியாகப் பால் ஓட ஆரம்பித்துவிடும்.

"வாங்கண்ணே, டீ குடிக்கலாம்," என்றார் மெஹர்பானு.

வாசலுக்கு எதிரிலேயே டீக்கடை.

மாஸ்டர் ஒரு பால் பாக்கெட்டைக் கிழித்தார். முகர்ந்து பார்த்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கியும் பார்த்தார். பிறகுதான் அடுப்பில் ஏற்றினார்.

இன்னொரு பாக்கெட்டைக் கிழித்தார். நேராக வேறொரு பாத்திரத்தில் கவிழ்த்தார்.

"இதை மோந்து பாக்கலியே மாஸ்டர்?"

"அது வெளியூர்ப் பாலு மேடம். இது உங்க பாலு. இதை எதுக்கு மோந்து பாக்கணும்?"

இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள்.

"பாப்பாவுக்குக் கொஞ்சம் பால் குடுங்க. எந்தப் பாலு?"

"எதிர்த்தாப்ல உள்ளதும்மா."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. காய்ச்சிய பாலை வாங்கி, ஆற்றி, குழந்தையின் வாயில் வைத்தாள். அது கண்ணை மூடிக்கொண்டு குடித்தது.

சவரிமுத்துவின் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது.

மெஹர்பானு டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

சவரிமுத்து எழுந்தார்.

"என்னண்ணே, டீ ஆறுதே," என்றார் மாஸ்டர்.

"ஒரு ரப்பர் மாத்த மறந்துட்டேன். பால் ஓடுறதுக்குள்ள மாத்திடறேன்."

"மறந்துட்டீங்களா?" என்றார் மெஹர்பானு.

சாலையில் இறங்கியவர் நின்றார்.

"இல்ல மேடம். மறக்கல."